பேர் சொல்லிக் கூப்பிட்ட எலும்பு

எங்கள் தெருவில் பொறாமை என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி, எல்லா வீட்டுக்கும்தான் வரும், ஆனாலும் பக்கத்து வீட்டில் மட்டும் கொஞ்சம் வேகமாக விழுகிறதோ என்று ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்ட தெருவில், போடியில், மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காயை நாங்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிற குடோன்களுக்குப் பின்னால், வனப்பேச்சியின் வலது தொடை எலும்பு ஒடிந்தது, ஒடிந்த எலும்பு சேரவில்லை, சேராத எலும்பு பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது.

ஒடிந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. புருஷன் சன்னாசியின் வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து குலசாமி கும்பிடப் போனவளின் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது, அவ்வளவுதான். தேனியில் எலும்பு டாக்டர் ஜெபசீலன் தொடை எலும்பின் நடுவே ஒரு நீளக் கம்பியைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணி முடுக்கி, நாலைந்து மாதத்தில் கூடிவிடும் என்று சொல்லி அனுப்பினார். நாலைந்து மாதம் போனது, தீபாவளி போனது, பொங்கல் போனது, வனப்பேச்சி வாக்கரைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கழிப்பறை வரை போய் வந்தாள், எலும்பு கூடவில்லை. உடம்பில் சத்து இல்லை என்றாள் ஒருத்தி, கண் பட்டுவிட்டது என்றாள் இன்னொருத்தி, அவசரப்பட்டு ஊன்றியிருப்பாள் என்றாள் மூன்றாமவள். ஏன் கூடவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், கூடாததால் என்ன ஆனது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

முதலில் கேட்டவள் பின்வீட்டு வெள்ளத்தாய். வனப்பேச்சியின் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவளின் காது தொடையில் பட்டது. பட்டதும் அப்படியே குனிந்தபடி இருந்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்டதாக்கும் என்று வனப்பேச்சி நினைத்தாள். வெள்ளத்தாய் நிமிர்ந்தபோது அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"ஏத்தா, ஒங்காலுக்குள்ள இருந்து யாரோ என்னைத் தவுட்டுக்குட்டின்னு கூப்புடுறாகடி" என்றாள்.

தவுட்டுக்குட்டி என்பது வெள்ளத்தாயைப் பிறந்த வீட்டில் கூப்பிட்ட பேர். அந்தப் பேர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, அவள் புருஷனுக்கே தெரியாது. இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவள் மாவு மில்லுக்காரர் வீட்டம்மா, அப்புறம் ரமேஷ் அம்மா, அப்புறம் ரமேஷ் மகளுக்கு அப்பத்தா. நாங்கள் எல்லாருமே அப்படித்தான். ஒவ்வொருத்தியும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பேருக்குத் திரும்பிப் பார்த்த பிள்ளையாக இருந்து, அந்தப் பேரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தவர்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வனப்பேச்சியின் கட்டிலைச் சுற்றி நின்றது. ஒருத்திக்குச் சீனிமுட்டை என்று கேட்டது, ஒருத்திக்கு வாயாடி என்று கேட்டது, ஜோசப் வீட்டு டீச்சரம்மாவுக்குக் குட்டிராணி என்று கேட்டது, எனக்குக் குந்தாணி என்று கேட்டது. பிள்ளையில் நான் கொஞ்சம் பூசின மாதிரி இருப்பேன், எங்கள் அம்மா அப்படித்தான் கூப்பிடும். ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் பிறந்த வீட்டு அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். காலைச் சமையல் முடிந்து குடோனுக்குப் போகும் முன் மேல்வரிசை வீடுகள், குடோன் விட்டு வந்து கீழ்வரிசை வீடுகள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது, கம்மலைக் கழற்றிவிட வேண்டும், பேர் ஒரு தடவை கேட்டதும் எழுந்துவிட வேண்டும். ஒரு தடவைதான் கேட்டது என்று சொல்லிவிட்டு மூன்று தடவை கேட்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம், அதனால் சண்டை வரும். ஆம்பளைகளுக்கு அனுமதி இல்லை, ஊரான் பெண்டாட்டி தொடையில் காதை வைக்க யார் விடுவார்கள்? அவர்கள் எக்ஸ்ரே படத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளை எலும்புக்கு நடுவே சாத்தாத கதவு போல இருந்த கறுப்பு இடைவெளியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வாசலில் நின்று பீடி குடித்தார்கள். வெள்ளத்தாயின் புருஷனுக்குத் தூக்கமே போய்விட்டது. இத்தனை வருஷம் தான் கூப்பிட்டபோதெல்லாம் 'என்ன' என்று எரிந்து விழுந்தவள் ஓர் எலும்பு கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே வருகிறாளே என்று அவர் மில்லில் மாவைக் கருக்கினார்.

பக்கத்துத் தெருவின் வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது. அங்கே சுகந்தி என்று ஒருத்தி, முந்தின வருஷம் கையை ஒடித்துக்கொண்டு அதே டாக்டர் ஜெபசீலனிடம் போனவள், அவளுக்கு எலும்பு சுத்தமாகக் கூடிவிட்டது. "எல்லாருக்கும் ஒண்ணு எனக்கு ஒண்ணா, இவ்வளவு வேகமா சேத்துவிட ஒங்களை யாரு சொன்னது?" என்று ஆஸ்பத்திரிக்கே போய்ச் சண்டை போட்டாள்.

டாக்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. வனப்பேச்சியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது எங்களில் சிலரும் கூடவே போனோம்.

"சேராத எலும்பு சில நேரம் பேசும்மா" என்றார். "போன வருஷம் சின்னமனூர்க்காரர் ஒருத்தருக்குக் கெணத்துல வாளி எறங்குற சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கூடிருச்சுன்னா நின்னுரும். ஆனா இது தானாக் கூடாது. ரெண்டு முனையும் வழுவழுன்னு மூடிக்கிச்சு, நாம ஒடிஞ்சிருக்கோம்ங்கறதையே எலும்பு மறந்துருச்சு. அதை ரத்தம் கசியுற வரைக்கும் சொரண்டி ஞாபகப்படுத்தணும். பழைய கம்பிய உருவிட்டுத் தடிச்ச கம்பி, பக்கவாட்டுல ஒரு பிளேட்டு, இடுப்பெலும்புல கொஞ்சம் துணுக்கு எடுத்து இடைவெளிய அடைக்கணும். தள்ளிப் போட்டீங்கன்னா உள்ள இருக்குற கம்பி ஒரு நாள் முறியும்."

"கூடுனா நான் மலையேறலாமா சார்?" என்று கேட்டாள் வனப்பேச்சி.

அவளுடைய கேள்வி அது ஒன்றுதான். அவள் நரிப்பாறையில் பிறந்தவள். ஜீப் பாதி மலை வரை போகும், அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. அவள் அப்பா மாயாண்டி அந்தப் பாதையில் டோலி தூக்கினவர். கம்பில் போர்வையைக் கட்டி, நோயாளியை உள்ளே படுக்க வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் சுமந்து இறங்குகிற டோலி. அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு, டோலி கீழே இறங்கும்போது உயிரோடு இருக்கிறவர்களைத்தான் சுமக்கும், மேலே ஏறும்போது பிணத்தை மட்டும்தான் சுமக்கும். அதனால், நடந்து இறங்க முடியாமல் முடங்கி, மகளைப் பார்க்க வேண்டும் என்று கண்ணீர் விட்ட கிழவர், அவளை டோலியில் வைத்துக் கொண்டுவருகிறோம் என்று சொன்னவர்களைக் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினார். ஜீப் ஓட்டுகிற வீரணன் வாரா வாரம் அவர் சேதியைக் கொண்டுவந்தான்.

"ஒங்கய்யா இப்பக் கஞ்சிதான் குடிக்கிறாரு. கண்ணும் மங்கிருச்சு. எம்மகளை நடந்து வரச் சொல்லுன்னாரு" என்றான்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. தெருவில் உள்ள அத்தனை பேரும் காதை வைத்துக் கேட்ட அந்தக் குரலை வனப்பேச்சியால் மட்டும் கேட்க முடியாது. தன் தொடையில் தானே எப்படிக் காதை வைப்பது, அதுவும் ஒடிந்த தொடையில்? நாங்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து, கண் மூடி, சிரித்து, மூக்கை உறிஞ்சி எழுந்து போவதை அவள் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தன் கால் என்று பெருமை இருந்தது, ஆனாலும் அவள் உதடு எரிச்சலில் கோணிக்கொள்ளும். உன்னை உன் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் தூக்கிட்டுப் போயிருவீக" என்றாள்.

இனி போதும்பொண்ணு. சன்னாசியின் அண்ணன் பாண்டித்துரையின் பெண்டாட்டி, வனப்பேச்சிக்கு ஓரகத்தி, ஒரே வீடு, ஒரே அடுப்படி. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் ஐந்தாவதாக வந்ததால், இதோடு நிறுத்து சாமி என்று அந்தப் பேரை வைத்தார்கள். அதைச் சுருக்கியோ கொஞ்சியோ யாரும் கூப்பிட்டதில்லை, 'ஏய்' என்றால் அவள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வனப்பேச்சி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு ஒரு புகைச்சல். தீபாவளிக்குத் தீபாவளி மாயாண்டி மலைவாழையும் கொய்யாவும் முதுகில் சுமந்து இறங்கி வருவார், அவரைப் பார்த்ததும் வனப்பேச்சி வாசலுக்கு ஓடுவாள், போதும்பொண்ணு உள்ளே பாத்திரத்தை உருட்டுவாள். இப்போது அந்த ஓரகத்தியின் ஒடிந்த காலுக்குத் தெருவே வந்து வரிசையில் நிற்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போடுகிறவள் இவள்.

எல்லாரும் போன பிறகு ஒரு மத்தியானம், நானும் வெள்ளத்தாயும் மட்டும் இருக்கும்போது, அவளும் வந்து கம்மலைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு இன்னொரு காதை வைத்தாள்.

"கூப்புடுதா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"கூப்புடுது, கூப்புடுது."

"என்னன்னு?"

"செல்லம்னு" என்றாள் போதும்பொண்ணு, எழுந்து போய்க் காப்பி டம்ளர்களை எடுத்தாள். நானும் வெள்ளத்தாயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். வனப்பேச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கூப்பிட ஒரு பேர் வேண்டாமா, இவளுக்கு ஏது பேர் என்று தெருமுனை திரும்புவதற்குள் வெள்ளத்தாய் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது போதும்பொண்ணின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், எங்கள் தெருவில் போய்ச் சேராத பேச்சு கிடையாது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம், அந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

எங்களுக்கோ அது அடைபடக் கூடாது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை. வனப்பேச்சிக்குத் தலை வாரினோம், அயிரை மீன் குழம்பு கொடுத்தோம், அவள் துணியைத் துவைத்தோம், காலைப் பிடித்துவிட்டோம், அவளை நாங்கள் கொண்டாடினது மாதிரி பெற்ற தாய்கூடக் கொண்டாடியிருக்க மாட்டாள். ஆபரேஷன் என்ற பேச்சு வந்தால் மட்டும் மாசி பிறக்கட்டும் என்றோம், மாசி பிறந்ததும் திருவிழா முடியட்டும் என்றோம், முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்றோம், யாரோ ஒருத்தி கண் விழிக்கவே இல்லை என்றோம். சன்னாசி ஒரு பயந்தாங்கொள்ளி, தவிர டீக்கடையில் அவனுக்கு இப்போது மரியாதை கூடியிருந்தது. பொண்டாட்டி கேட்கிறபோதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்பான். இப்படியே ஆடி வந்துவிட்டது. வனப்பேச்சியின் தொடை மெலிந்து முழங்காலுக்குச் சமமாக ஆகியிருந்தது, நாங்கள் அதன் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தோம்.

"ஆடியில யாராச்சும் கத்தி வைப்பாகளா?" என்று வெள்ளத்தாய் ஆரம்பித்தாள்.

போதும்பொண்ணு காப்பித் தட்டை டங்கென்று வைத்தாள். "சக்கரத்துல சேலை மாட்டுறப்ப என்ன மாசம்னு பாத்தா மாட்டுச்சு? எந்திரிங்கடி எல்லாரும். டாக்டர்கிட்ட நாள் சொல்லியாச்சு, நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். வெள்ளிக்கிழம கூட்டிட்டுப் போறேன். எந்தச் சிறுக்கி குறுக்க வந்து படுக்குறான்னு பாக்குறேன்."

"ஒனக்கு வயித்தெரிச்சல்டி" என்றாள் வெள்ளத்தாய்.

"ஆமா, வயித்தெரிச்சல்தான். எரியுது. இப்ப என்ன?"

பொறாமையை இப்படி வாயைத் திறந்து ஒத்துக்கொள்கிறவளை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. வனப்பேச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வெள்ளிக்கிழம எத்தனை மணிக்குக்கா?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போனாலும் வனப்பேச்சிக்கு நினைவு இருந்தது. நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணித் திரை. எலும்பைத் திறந்த பிறகாவது அந்தக் குரல் காற்றில் வெளியே வரும், ஒரே ஒரு தடவை தனக்கும் கேட்கும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஆனால் கேட்டதெல்லாம் நர்ஸ் 'ஐயோ, சார், என்னைப் பொம்மிங்குது' என்று விம்மியதும், 'கிட்ட வராத சிஸ்டர், கிருமி படக் கூடாத இடம்' என்று டாக்டர் அதட்டியதும், அப்புறம் சுரண்டுகிற சத்தமும், கம்பியைச் சுத்தியலால் தட்டி இறக்குகிற சத்தமும்தான். முன்பின் தெரியாத நர்ஸுக்குக்கூடக் கொடுத்தது, எனக்குக் கொடுக்கவில்லை என்று அவள் திரைக்கு இந்தப் பக்கம் அழுதாள். வலிக்கிறதாக்கும் என்று நினைத்து மயக்க டாக்டர் மருந்தைக் கூட்டினார்.

அதற்கப்புறம் குரல் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. எக்ஸ்ரேயில் கறுப்பு இடைவெளிக்குள் புகை மாதிரி வெள்ளை படரப் படர, எங்கள் பேர்கள் தேய்ந்துகொண்டே வந்தன. தவுட்டுக்குட்டி தவுட்டு என்று ஆனது, குட்டிராணி குட்டி ஆனாள், என்னைக் குந்... என்று ஆரம்பித்துவிட்டு மூச்சு வாங்கியது. புரட்டாசியில் ஒரு நாள் காதை வைத்தால் வெறும் தொடை, சூடாக, ரத்தம் ஓடுகிற சத்தத்தோடு. எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் ஒழுங்காகச் சமையல் நடக்கவில்லை. போதும்பொண்ணோடு பேச்சை நிறுத்தினோம், வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடவில்லை, குடோனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இப்போதும் சொல்கிறேன், எனக்கு அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

அவள் அதைச் சட்டை செய்யவில்லை. காலையும் மாலையும் வனப்பேச்சியின் முழங்காலை மடக்கி நீட்டி, திட்டித் திட்டி நடக்க வைத்தாள். "ஊணுடி, எலும்பு கூடிருச்சு, இன்னும் என்ன சொகுசு?" என்பாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு மலையேறலாம், மெதுவாக, யாராவது கூட இருக்கட்டும் என்றார். சன்னாசி வருகிறேன் என்றான். போதும்பொண்ணு விடவில்லை.

"நீ இவளைக் கீழ தள்ளி விட்டா மறுபடி ஒடியும், மறுபடி இவளுக வந்து வரிசையில நிப்பாளுக" என்று சொல்லித் தானே பையைத் தூக்கிக்கொண்டாள்.

இதற்கு மேல் நடந்தது வனப்பேச்சி எனக்குச் சொன்னது. வீரணனின் ஜீப் நின்ற இடத்திலிருந்து அவர்கள் ஏறினார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே பாதை, மழை பெய்து வழுக்கியது, வனப்பேச்சி ஒரு காலை வைத்து, கம்பை வைத்து, மற்ற காலை இழுத்து வைத்து ஏறினாள், போதும்பொண்ணு அவளுக்குப் பின்னால், விழுந்தால் தாங்குவதற்குத் தோளைக் கொடுத்தபடி ஏறினாள். பாதிப் பாதையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள்.

"என்னைய அது கூப்புடவே இல்லடி" என்றாள் போதும்பொண்ணு.

"தெரியும்க்கா."

"நீ நடக்கணும்னு நான் இதெல்லாம் செய்யல. அது வாயை மூடணும்னுதான் செஞ்சேன்."

"அதுவும் தெரியும். நல்லவளுக எல்லாம் என்னையப் படுக்கையிலயே வச்சிருந்தாளுக. நீங்க ஒருத்திதான் நாள் குறிச்சீக."

போதும்பொண்ணு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நரிப்பாறையில் முதல் வீடு மாயாண்டியின் வீடுதான். வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லாதவை. வனப்பேச்சி படியைப் பார்த்து மூச்சு வாங்கி நிற்க, பையை உள்ளே வைத்துவிட்டு வந்து கையைப் பிடிக்கிறேன் என்று போதும்பொண்ணு முதலில் நுழைந்தாள். உள்ளே இருட்டு. கயிற்றுக் கட்டிலில் கிழவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார், பால் படிந்த கண்கள் வாசல் பக்கம் திரும்பின.

"எறகு" என்றார். "ஏ எறகு, நடந்தா வந்த?"

ஆயுசெல்லாம் ஊரார் பாரத்தைத் தோளில் சுமந்தவர் தன் மகளைத் தூக்கி அதே தோளில் வைத்தபோது கனமே தெரியாததால், இறகு என்று வைத்த பேர் அது. வெளியே படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற வனப்பேச்சிக்கு அந்தப் பேர் கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இன்னொரு குரல் பதில் சொன்னது.

"வந்துட்டேன்யா" என்றாள் போதும்பொண்ணு.

கிழவர் கையை நீட்டித் தடவினார், அவள் குனிந்து தலையைக் கொடுத்தாள். எறகு, எறகு என்று அவர் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே சொன்னார். வனப்பேச்சி மீதிப் படிகளைக் கையை ஊன்றி ஏறி வந்து வாசலில் நின்றாள். அந்த நேரம் அவளுக்குக் கூடின எலும்பே பற்றி எரிகிற மாதிரி இருந்ததாம், கம்பால் போதும்பொண்ணை அங்கேயே ஒரு போடு போடலாமா என்று இருந்ததாம். எந்தப் பேருக்காக ஓர் எலும்பை இரண்டு தடவை அறுத்து, சுரண்டி, அடைத்து, இந்த மலையை ஏறி வந்தாளோ அந்தப் பேரை இன்னொருத்தி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நகருங்கக்கா" என்றாள், மெதுவாக. "அது எம் பேரு."

போதும்பொண்ணு திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. நகரவில்லை.

"இருடி" என்றாள். "இன்னும் ஒரே ஒரு வாட்டி கூப்புடட்டும்."

வனப்பேச்சி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, அப்பா இன்னொரு தடவை கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.